இரவல் சளி

இருமலில் எத்தனை வகை என்று போன வருஷம் யாராவது என்னைக் கேட்டிருந்தால், நாலு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். காலையில் பனி மலையை விட்டு இறங்கும்வரை இருமுவது பனி இருமல். ஃபேக்டரியில் தேயிலை சலிக்கிற பகுதியில் வேலை பார்ப்பவர்கள் இருமுவது தூள் இருமல். இது சர்வீஸ் கூடக் கூடச் சத்தமும் கூடும், சம்பளம் மட்டும் கூடாது. களைக்கு மருந்தடித்துவிட்டு வருகிறவர்கள் இருமுவது மருந்து இருமல். நாலாவது, குளிக்கிற அறைக்குள் ஆள் இருக்கிறதா என்று வெளியிலிருந்து மரியாதையாக விசாரிக்கும் இருமல். இந்த நாலில் எதற்கும் டாக்டரைப் பார்க்க வேண்டியதில்லை என்பது எங்கள் தோட்டத்துச் சட்டம். யாரும் எழுதிவைக்கவில்லை, ஆனாலும் யாரும் மீறியதில்லை.

எனக்கு வந்தது இந்த நாலிலும் சேராத ஒன்று. சளி கிடையாது, காய்ச்சல் கிடையாது. தொண்டைக்குள்ளே யாரோ உட்கார்ந்துகொண்டு கோழி இறகால் வருடிவிடுகிற மாதிரி இருக்கும். வறட்டு இருமல். அது பங்குனி உத்திரத்துக்குக் காவடி பார்க்கப் போன இடத்தில் ஆரம்பித்தது. பக்திப் பரவசம் என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்திருக்கலாம்.

நான் தோட்டத்தில் கொழுந்து ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். அது சம்பளத்துக்கு. உண்மையான தொழில், ஆட்களைச் சிரிக்க வைப்பது. அந்தத் தொழிலுக்குத்தான் இருமல் முதலில் ஆப்பு வைத்தது. ஒரு கதையை நன்றாக ஏற்றிக்கொண்டு போய், எல்லோரும் வாயைப் பிளந்து காத்திருக்கும்போது, கடைசி வரிக்கு முன்னால் வந்து நிற்கும். நான் இருமி முடிப்பதற்குள் ஆட்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், என் வீட்டுக்கும் பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அந்தச் சுவரும் தகரக் கூரையைத் தொடாது; மேலே ஒரு கை தாராளமாக நுழையும் இடைவெளி உண்டு. மீன் குழம்பு வாசம், புருஷன் பெண்டாட்டி சண்டை, ஏப்பம் எல்லாம் அந்த வழியாகப் பாஸ்போர்ட் இல்லாமல் வந்து போகும். அண்ணன் சலிக்கிற பகுதியில் பல வருஷம் வேலை பார்த்து ரிட்டையர் ஆகி, இப்போது அதே ஃபேக்டரியின் கேட்டில் ஜாகாவாக, அதாவது காவலாளியாக, உட்கார்ந்திருப்பவர். மனைவி இல்லை. மகன் ஜொகூர் பக்கம். அவர் இருமுவதை வைத்துத்தான் நாங்கள் அடுப்பு மூட்டுவோம். அவ்வளவு நேரம் தவறாத இருமல்.

"தம்பி," என்பார் காலையில், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து. "உன் இருமல் சரியில்ல லா."

"உங்களது மட்டும் சரியா இருக்கா அண்ணே?"

"என்னது தூள் இருமல். கம்பெனி குடுத்தது. உன்னது எங்கியோ வெளிய இருந்து வந்திருக்கு."

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் லயத்தில் இரவல் வாங்காத பொருள் பல்செட் மட்டும்தான். அதையும் ஒரு கல்யாணத்துக்காக ஒருத்தர் கேட்டதாக வதந்தி உண்டு. சீனி, அரைத் தேங்காய், குடை, மாப்பிள்ளை பார்க்கப் போட்டுக்கொள்ளச் சட்டை, எல்லாம் சுவருக்கு மேலே இருக்கும் அந்த இடைவெளி வழியாகப் போய் வரும். சீனப் பெருநாள் சமயத்தில் எனக்குப் பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது. டவுன் கிளினிக்குக்குப் போய் வாங்கலாமென்றால், கீழ்நாட்டிலிருந்து ஸ்ட்ராபெரி பறிக்க வந்த கார்கள் மலைப்பாதை முழுக்க அட்டைப்பூச்சி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றன. அண்ணன் மேலே கையை நீட்டி ஒரு பட்டையைக் கொடுத்தார்.

"என்னது நல்லா கேக்குது. தல சுத்தினா மட்டும்தான் நான் போடறது. நிறைய மிச்சம் கிடக்கு."

வெள்ளை மாத்திரை. என்னுடையதும் வெள்ளை மாத்திரை. பிரஷருக்குப் பிரஷர். நான் அதோடு கிளினிக் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். வீட்டுக்குள்ளேயே ஃபார்மசி இருக்கும்போது எதற்கு டவுன்?

இருமல் வந்த புதிதில் நான் பயப்படவில்லை. பயம் வந்தது என் மகளால். ஈப்போவில் கல்யாணம் பண்ணிக்கொடுத்திருந்தோம், தலைப்பிரசவம், பிள்ளை பெற்றதும் எங்கள் வீட்டுக்கு வருவதாகப் பேச்சு. ஒருநாள் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ப்பா, இன்னும் இருமுறீங்களா?"

"இல்லம்மா, தொண்டைய டெஸ்ட் பண்றேன்."

"அம்மாகிட்ட போனக் குடுங்க."

அம்மாவும் மகளும் என்ன பேசினார்களோ, போனை வைத்ததும் என் மனைவி சமையல் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே தீர்ப்பு வாசித்தாள். "இந்த இருமல் என்னன்னு தெரியிற வரைக்கும் நீங்க பிள்ளையத் தொடக்கூடாது. பச்சப்புள்ளைக்குத் தாங்காது. அந்த ரூம் பக்கமே வரக்கூடாது."

"பார்க்கலாமா?"

"ஜன்னல் வழியா. வெளிய நின்னு."

கேமரன் மலையில் வெளியே நிற்பது என்றால் என்னவென்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் எனக்குக் குளிர் பெரிசாகத் தெரியவில்லை. இத்தனை வயசுக்கு ஆயிரம் பேருடைய பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சி, வேட்டியில் ஒன்றுக்கு வாங்கியிருக்கிறேன். என் சொந்தப் பேரப்பிள்ளையை ஜன்னல் கம்பி வழியாகப் பார்ப்பதா? அதுதான் நெஞ்சில் தைத்தது.

தைத்த உடனே கிளினிக்குக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. என் அப்பா இருமித்தான் போனார். அவருடையதையும் கடைசிவரைக்கும் தூள் இருமல் என்றுதான் சொன்னார்கள். டாக்டரிடம் போனால் ஒரு பேர் சொல்வார், பேர் சொல்லிவிட்டால் அது நோயாகிவிடும், பேர் வைக்காத வரைக்கும் அது வெறும் இருமல்தானே என்பது என் வைத்திய சாஸ்திரம். டாக்டருக்குப் பதிலாகப் போனைக் கேட்டேன். 'வறட்டு இருமல்' என்று தட்டினேன். முதலில் இஞ்சி என்றது. கொஞ்சம் கீழே போனால் ஆஸ்துமா. இன்னும் கீழே போனால் காசநோய். நான் விரலை எடுக்காமல் இழுத்துக்கொண்டே போனதில், அடியில் நுரையீரல் புற்று உட்கார்ந்திருந்தது. ஒரு டீ ஆறுவதற்குள் இஞ்சியிலிருந்து சுடுகாட்டுக்கு வந்துவிட்டேன்.

எடை குறைகிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தது. எங்கள் வீட்டில் எடை மெஷின் கிடையாது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெரிய தராசு உண்டு. கூடைகள் இறங்கி முடிந்ததும் தினமும் அதன்மேல் ஏறி நின்றேன்.

"மழையில நனைஞ்சிருக்கான்," என்றார் கங்காணி, நனைந்த கொழுந்தைச் சொல்கிற மாதிரி, முள்ளைப் பார்த்துக்கொண்டே. "தண்ணிக்குக் கழிச்சுக்கணும்."

எடை குறையவில்லை. கூடியிருந்தது. சந்தோஷப்பட வேண்டிய இடத்தில், உடம்பில் நீர் கோத்துக்கொண்டுவிட்டது என்று முடிவு கட்டினேன். வீட்டுக்குப் போய் மனைவியை உட்காரவைத்து, "நான் இல்லாட்டியும் நீ தைரியமா இருக்கணும்," என்று ஆரம்பித்தேன். இருமல் வந்து குறுக்கே விழுந்தது. முடியும்வரை பொறுமையாகக் காத்திருந்துவிட்டு அவள் சொன்னாள்: "சரி, போறதுக்கு முன்னாடி இந்தத் தேங்காயத் துருவிட்டுப் போங்க."

கடைசியில் என்னை டாக்டரிடம் அனுப்பியது டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய்தான். ரொட்டி சானாய்க்கு உட்கார்ந்து, முதல் வாயில் இருமினேன். பக்கத்து மேஜைக் குடும்பம் எழுந்தது. இரண்டாவது முறை இருமினேன். சுற்றுலா வந்த ஒரு கூட்டம் தட்டோடு வெளியே போனது. அந்தப் பெரிய தொற்றுக்குப் பிறகு, கத்தி எடுத்துக்கொண்டு வருகிறவனைவிட இருமிக்கொண்டு வருகிறவனுக்குத்தான் ஊரில் மரியாதை அதிகம்.

பாய் இஞ்சி டீயைக் கொண்டுவந்து வைத்தார். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஒரு தடவ இருமினா மூணு மேஜை காலியாவுது. கிளினிக் எதித்தாப்புலதான் இருக்கு. டீய பார்சல் கட்டித் தரேன், குடிச்சிக்கிட்டே போங்க."

டாக்டர் சின்னப் பெண். என் மகள் வயசு இருக்கும். சிரம்பான் பக்கத்துத் தமிழ்.

"எத்தன நாளா இருமல், அங்கிள்?"

"பங்குனி உத்திரத்துல இருந்து."

அவர் காலண்டரைப் பார்த்தார். "இப்ப ஆடி மாசம்."

"பாத்துக்கிட்டே இருந்தேன் டாக்டர், போயிடும் போயிடும்னு."

சளி வருகிறதா, சளியில் ரத்தம் இருக்கிறதா, சாயங்காலம் காய்ச்சல் அடிக்கிறதா, ராத்திரி வேர்த்துக் கொட்டுகிறதா, சாப்பிட்டும் உடம்பு இளைக்கிறதா, படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு வலிக்கிறதா, சிகரெட் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் ஒவ்வொன்றுக்கும் இல்லை இல்லை என்றேன். கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது, இவ்வளவு பெரிய பரீட்சைக்கு ஒன்றும் படிக்காமல் வந்துவிட்ட மாதிரி.

"மருந்து ஏதும் சாப்பிடறீங்களா?"

"பிரஷர் மாத்திரை மட்டும்."

கம்ப்யூட்டரில் என் கார்டைப் பார்த்தார். "இங்க எழுதியிருக்கறதுதானே?"

"அதேதான் டாக்டர்," என்றேன். வெள்ளைக்கு வெள்ளை, பிரஷருக்குப் பிரஷர், வேறென்ன சொல்வது?

"சளி பிடிச்சா வர்ற இருமல் ஒரு வாரம், ரெண்டு வாரம் இருந்துட்டு அடங்கிடும். ரெண்டு வாரம் தாண்டியும் அடங்கலன்னா என்னன்னு பாக்காம விடக்கூடாது. ரத்தம் வந்தாலோ, மூச்சு விட முடியலன்னாலோ அந்த ரெண்டு வாரமும் காத்திருக்கக்கூடாது. நீங்க மாசக்கணக்கா விட்டிருக்கீங்க. படம் எடுத்துரலாம். சளியையும் பாக்கணும்."

நெஞ்சுப் படம் அன்றைக்கே எடுத்தார்கள். சளிக்கு ஒரு சின்னப் பிளாஸ்டிக் புட்டியைக் கொடுத்து, காலையில் எழுந்ததும் வாய் கொப்பளித்துவிட்டு, நெஞ்சின் ஆழத்திலிருந்து இருமி எடுத்து வரச் சொன்னார்கள். "எச்சில் வேணாம் அங்கிள், சளிதான் வேணும்," என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். என் முகத்தைப் பார்த்தே ஆளைப் புரிந்துகொண்டுவிட்டார்.

மறுநாள் காலையில் வீட்டுக்குப் பின்னால் நின்று முயற்சி பண்ணினேன். மாசக்கணக்காக என்னை விடாமல் பிடித்து உலுக்கிய இருமல், வா என்றால் வரவில்லை. வந்ததும் வெறும் காற்றாக வந்தது. புட்டியின் அடியில் ஒரு சொட்டு எச்சில்கூட ஒட்டவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் தன் காலைக் கச்சேரியை ஆரம்பித்திருந்தார். கொழகொழவென்று, செழிப்பான இருமல்.

"என்ன தம்பி, லோரி ஸ்டார்ட் ஆவலியா?"

"சளி கேக்கறாங்க அண்ணே. வர மாட்டேங்குது."

"அடிவயித்துல இருந்து இழு. ஃபர்ஸ்ட் கியர் போடு."

"போட்டுப் பார்த்துட்டேன்."

அப்புறம் இடைவெளி வழியாக அவர் கை வந்தது, உள்ளங்கையை விரித்துக்கொண்டு. "குடு அந்த புட்டிய."

"அண்ணே, இது சீனி இல்ல."

"சீனி வாங்கற, தேங்கா வாங்கற, மாத்திரை வாங்கற. இதுல மட்டும் என்ன லா மானம்? எனக்கு வேண்டாத பொருள்தானே."

என் புத்தி எப்படி வேலை செய்தது என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. எனக்குத் தேவை ஒரு டாக்டர் கையெழுத்து, மனைவியிடம் காட்ட. என்னுடைய சளியைக் கொடுத்தால் அதில் என்ன இருக்குமோ தெரியாது. அண்ணனுடையது பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் இருமல்; ஒருநாள் படுத்ததில்லை; கம்பெனி உத்தரவாதம் உள்ள சரக்கு. அதில் தேயிலைத் தூளைத் தவிர என்ன இருந்துவிடப் போகிறது? புட்டியைக் கொடுத்தேன். நிறைந்து திரும்பி வந்தது. அப்படித் தாராள மனசு அவருக்கு.

கிளினிக்கிலிருந்து கூப்பிட்டார்கள். உடனே வரச் சொன்னார்கள். மாஸ்க் போட்டுக்கொண்டு வரச் சொன்னார்கள். லோரியை அப்படியே ஓரமாக நிறுத்திவிட்டுப் போனேன்.

டாக்டர் அன்றைக்கு மெதுவாகப் பேசினார். "அங்கிள், பயப்படாதீங்க. சளியில டிபி கிருமி இருக்கு. குணமாக்கிடலாம், மருந்து இருக்கு."

இப்போது நான் சொல்லப்போவதை யாரும் நம்பமாட்டார்கள். அந்தச் சளி என்னுடையது இல்லை என்பது எனக்குச் சுத்தமாக மறந்துபோனது. டிபி என்ற சொல் காதில் விழுந்ததும் கண்முன்னே ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தது. அப்பா கட்டிலில் உட்கார்ந்து இருமுவது தெரிந்தது. பேரப்பிள்ளை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வளர்ந்து, பள்ளிக்கூடம் போய், கல்யாணம் பண்ணிக்கொண்டு போவது தெரிந்தது. என் சாவுக்கு வந்து நன்றாக அழக்கூடியவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல்கூடப் போட்டுவிட்டேன். கங்காணி பேரில் மட்டும் சந்தேகமிருந்தது.

"ஒண்ணுதான் எனக்குப் புரியல," என்றார் டாக்டர், படத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே. "சளியில இவ்வளவு கிருமி இருக்கு. உங்க நெஞ்சு படம் சுத்தமா இருக்கு. எடை குறையல, காய்ச்சல் இல்ல, சளியே வரலன்னு நீங்கதான் சொன்னீங்க."

அப்போதுதான் விழித்தேன். "டாக்டர்," என்றேன். "படம் என்னது. சளி வேற ஆளுது."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "என்ன சொன்னீங்க?"

சொன்னேன். புட்டி, சுவர், இடைவெளி, எல்லாம். சொல்லச் சொல்ல உள்ளே ஒரு பெரிய சந்தோஷம் கிளம்பி வந்தது, எனக்கு ஒன்றுமில்லை, எனக்கு ஒன்றுமில்லை என்று. அது தொண்டை வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. ஏனென்றால் அண்ணன் இடுப்பில் கட்டியிருந்த, பார்சல் கட்டுகிற ராஃபியா கயிறு ஞாபகம் வந்தது. கால்சட்டை நிற்கவில்லை என்று கட்டியது. 'பார்சல் எங்க போகுது அண்ணே, போஸ்டாபீஸா?' என்று நான்தான் கேலி பண்ணியிருந்தேன். தினமும் காலையில் அவர் துவைத்துக் கொடியில் போடும் பனியன் ஞாபகம் வந்தது. இந்தக் குளிரில் ராத்திரி அவருக்கு எப்படி வேர்க்கிறது என்று லயமே சிரித்திருக்கிறது. அத்தனை கேள்விக்கும் ஆமாம் ஆமாம் என்று சொல்ல வேண்டியவர், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறார்.

டாக்டர் என்னைத் திட்டினார். சத்தம் போடாமல், நிறுத்தி நிறுத்தி, என் மகள் திட்டுகிற மாதிரியே. திட்டி முடித்துவிட்டு, களைப்போடு கேட்டார்: "இன்னும் என்னதான் அங்கிள் அவர்கிட்ட இரவல் வாங்கியிருக்கீங்க?"

கேலிக்குத்தான் கேட்டார். நான் பயத்தில் ஒழுங்காகப் பதில் சொன்னேன். "சீனி, தேங்கா, குடை, பிரஷர் மாத்திரை."

"பிரஷர் மாத்திரையா?"

சட்டைப் பையில் இருந்த பட்டையை எடுத்து வைத்தேன். அவர் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தார். முதலில் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததை நான் அதுவரை பார்த்ததில்லை.

"இதுதான் அங்கிள் உங்க இருமல். இந்த வகை மாத்திரை சில பேருக்கு வறட்டு இருமல் குடுக்கும். தொண்டையில கூசிக்கிட்டே இருக்கும். எப்ப இருந்து சாப்பிடறீங்க?"

"சீனப் பெருநாள்ல இருந்து."

"உங்க கார்டுல நாங்க எழுதினது வேற மாத்திரை. அதையே சாப்பிட்டிருந்தா இந்த இருமல் வந்திருக்காது. பழையதுக்குத் திரும்புங்க. சில வாரத்துல அடங்கிடும். அடங்கலன்னா திரும்ப வரணும். இன்னொண்ணு, நாளைக்கு இந்த மாத்திரை சாப்பிடற யாருக்காவது இருமல் வந்தா, அவங்களா மாத்திரைய நிறுத்தக்கூடாது. எங்கள வந்து கேக்கணும். இத லயத்துல போய்ச் சொல்லுங்க, உங்களுக்குத்தான் வாய் இருக்கே."

ஆக, அண்ணனிடம் மாத்திரை வாங்கி இருமலைச் சம்பாதித்தேன். அந்த இருமலுக்கு மருந்து தேடிப் போய் அவரிடமே சளி வாங்கினேன். ஒரே கடையில் இப்படி வாடிக்கை வைத்துக்கொண்டவன் எங்கள் மலையில் வேறு யாரும் இருக்கமாட்டான்.

ஃபேக்டரி கேட்டில் அவர் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் தள்ளியே நின்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், தெரிந்த வழியில் ஆரம்பித்தேன். "அண்ணே, உங்க சளி பாஸாயிடுச்சு."

"பாத்தியா, நான் சொன்னேன்ல."

"எனக்கு டிபின்னு வந்திருக்கு."

நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அடப்பாவி. பேரப்புள்ள வர்ற நேரத்துலயா உனக்கு இது வரணும்? பயப்படாத தம்பி. மருந்து இருக்கு இப்பல்லாம். மகளுக்கு நான் வேணா போன்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பாதியில் நின்றார். கேட் கம்பியைப் பிடித்தார். கொழுந்து லோரி ஒன்று உள்ளே போவதற்கு ஹார்ன் அடித்தது. அவர் திறக்கவில்லை.

"அப்ப அது," என்றார். "அது என்னோடதாச்சே."

"ஆமாண்ணே."

"தூள் லா அது."

"தூள்ல கிருமி இருக்காது அண்ணே."

கம்பியை விடாமலே, "லயத்துல சொல்லிட்டியா?" என்று கேட்டார். எனக்கு உலகத்திலுள்ள எல்லா ஜோக்கும் மறந்துபோன ஒரே நேரம் அதுதான். இல்லை என்று தலையாட்டினேன். போய் நானே கேட்டைத் திறந்துவிட்டு வந்தேன்.

மறுநாள் அவரை என் லோரியில் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு பேரும் மாஸ்க், இரண்டு பக்கக் கண்ணாடியும் இறக்கிவிட்டது. டவுன் போய்ச் சேருவதற்குள் டிபிக்கு முன்னால் குளிரே எங்களைத் தூக்கிக்கொண்டு போயிருக்கும். வழி முழுக்க, "இப்பக் கூட திரும்பிடலாம் லா," என்றார். "லோரிக்கு ரிவர்ஸ் கியர் போச்சு அண்ணே," என்றேன்.

லயத்தில் நாங்கள் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. சுகாதார ஆட்கள் வந்து, அவரோடு நெருங்கிப் பழகிய எல்லோரையும் பார்த்தார்கள். என்னையும் மனைவியையும் முதலில் பார்த்தார்கள். யாருக்கும் தொற்றவில்லை. ஆனால் புட்டி விஷயம் அன்றைக்குத்தான் வீட்டில் தெரிந்தது. எச்சில் கையால் காக்கா ஓட்டாத ஆள்கூட உண்டு, ஊரான் சளியைக் கை நீட்டி வாங்கிய ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள் மனைவி. அதோடு சுவருக்கு மேலே இருந்த இடைவெளியை ஒரு பழைய பேனர் துணியால் அடைத்தாள். வணக்கம் சொல்லும் யாரோ ஓர் அரசியல்வாதியின் பாதி முகம் இப்போதும் என் சமையலறையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறது.

பேத்தி ஆவணியில் பிறந்தாள். நான் போனில்தான் பார்த்தேன். அண்ணன் விஷயம் தெரிந்ததும் மகள் ஈப்போவிலேயே தங்கிவிட்டாள். மாமியார் வீட்டில் பார்த்துக்கொண்டார்கள். நான் தினமும் பழைய மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு, ஒரு ஜோக்கை முழுசாகச் சொல்லிப் பார்ப்பேன். முதலில் பாதியில் நின்றது. அப்புறம் முக்கால். ஒருநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கடைசி வரி வரைக்கும் இருமாமல் போய்ச் சேர்ந்துவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. "இதுக்குப் பழைய இருமலே தேவல," என்றார் கங்காணி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அண்ணன் தினமும் கிளினிக்குக்குப் போய், நர்ஸ் கண்ணுக்கு முன்னாலேயே மாத்திரையை விழுங்கிவிட்டு வந்தார். இதை மட்டும் யாருக்கும் இரவல் கொடுக்க முடியாது என்று நர்ஸ் சொன்னாராம். முதலில் ஜனங்கள் அவர் வீட்டு வாசலைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நான் போய் அவர் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, டாக்டர் சொன்னதையெல்லாம் சத்தமாகச் சொன்னேன். மருந்து பிடிக்க ஆரம்பித்துவிட்டால் அடுத்தவருக்குப் பரவாது, நடுவில் நிறுத்தினால்தான் ஆபத்து என்று. என் பேச்சை நம்பினார்களா தெரியாது. நான் செத்துப் போகவில்லை என்பதை மட்டும் பார்த்தார்கள். ஒருநாள் தராசில் அவரையும் ஏற்றினேன். கிளினிக்கில் எழுதியிருந்த எடையைத் தாண்டி முள் நகர்ந்திருந்தது. "தண்ணிக்குக் கழிக்கவா?" என்று கேட்டார் கங்காணி. அண்ணன் ராஃபியா கயிற்றை அவிழ்த்து அவர் மேல் எறிந்தார்.

புரட்டாசியில், பேத்தி வரலாம் என்று டாக்டர் சொன்னார். மகள் கம்போங் ராஜா வழியாக மேலே வந்தாள். வாசலில் கார் நின்றதும் நான் ஓடினேன். மனைவி குறுக்கே கையை நீட்டினாள்.

"சிரிங்க."

சிரித்தேன்.

"சத்தமா."

சத்தமாகச் சிரித்தேன். இருமல் வரவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னாள். கழுவினேன். நாற்காலியில் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். அதற்குப் பிறகுதான் பேத்தி என் கைக்கு வந்தாள். ஒரு சின்ன மூட்டை, பால் வாசம். நான் தயாராக ஒரு ஜோக் வைத்திருந்தேன். அது எங்கேயோ போய்விட்டது. அவள் என்னைப் பார்த்தாள், முகத்தைச் சுளித்தாள், 'கக்' என்றாள்.

நான் எழுந்துவிட்டேன். கைக்குழந்தை வேகவேகமாக மூச்சு விட்டாலோ, விலா உள்ளே இழுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, விடாமல் இருமிக் கடைசியில் ஊளை மாதிரி மூச்சு இழுத்தாலோ நாள் பார்க்காதே, நேரம் பார்க்காதே, தூக்கிக்கொண்டு ஓடு என்று டாக்டரிடம் கேட்டு மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். "லோரி சாவி எங்க?" என்றேன். "உதடு பாரு, உதடு."

"ப்பா," என்றாள் மகள். "அது ஏப்பம்."

பின்பக்கம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அண்ணன் நின்றுகொண்டிருந்தார். யாரும் சொல்லாமலே மாஸ்க் போட்டிருந்தார்; கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். பேத்தியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் படிவரைக்கும் போனேன். அவர் வேலியை விட்டு ஒரு அடி பின்னால் தள்ளிப் போய், அங்கிருந்து எட்டிப் பார்த்தார்.

"தம்பி," என்றார். "எவ்வளவு குடுத்திருக்கேன் உனக்கு. பேத்திய ஒரு பத்து நிமிஷம் இரவல் குடு லா."

டாக்டரைக் கேட்டால் இப்போதே கொடுக்கலாம் என்றுகூடச் சொல்லியிருப்பார். ஆனால் எங்கள் வீட்டில் சுகாதார அமைச்சு சமையலறையில் இருக்கிறது. அங்கிருந்து பதில் வந்தது.

"மாத்திர கோர்ஸ் முழுசா முடியட்டும் அண்ணே. ஒரு நாள் விடாம முடிச்சிட்டு வந்து வாங்கிக்கோங்க."

"அதுக்கு இன்னும் மாசக்கணக்கா ஆகுமேம்மா."

"ஆவட்டுமே," என்றாள் மனைவி, குழம்பைக் கிண்டிக்கொண்டே. "அதுக்குள்ள கழுத்து நின்னுரும். தூக்க உங்களுக்கும் சுளுவா இருக்கும்."